பெண் இரண்டு

தக்கலை சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிர்க்கடையில்
ஆதாரம் எழுதுகிறவள் நான்.
இருபத்திரண்டு வருஷம்.
நிலம் கைமாறும் மொழி மனப்பாடம்:
நான்கெல்லை, நடைவழி, நீர்வழி,
அதில் நிற்கும் தென்னை, அயனி, பிலா,
இன்று முதல் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள.

போன மாசியில் கோதநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார்.
பாகவழக்கு. கையில் ஓலை நகல் மூன்று,
பாதி மலையாண்மை, பாதி தமிழ்.
கொல்லம் எண்ணூற்று என்று தொடங்கி
மிச்ச வருஷத்தைச் செல் தின்றிருந்தது.
"இதிலே நம்ம வயல் எங்க வருது, பாருங்க அக்கா."

வயல் வரவில்லை.
வந்தது இப்படி:
பல்லக்கு இரண்டு.
வெள்ளிக் கிண்டி ஒன்று.
பணிப்பெண் பதினொன்று.
பெண் இரண்டு.

வடக்கே ஏதோ கோவிலகத்திலிருந்து தோணியேற்றி
குளச்சலில் இறக்கி
கல்குளத்து அரண்மனைக்குத் தத்தெடுத்த கணக்கு.
பெயர் கிடையாது, பிறந்த நாள்தான்.
மூத்தது சோதி, வயது பத்து.
இளையது ஆயில்யம், ஏழு.
ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பார்கள்.
குற்றமில்லை. அங்கே மாமியாரே இல்லை.
மாப்பிள்ளையும் இல்லை.
வம்சத்துக்கே வாழ்க்கைப்பட்ட கல்யாணம் அது.
மருமகன் முடிசூடும் நாட்டில்
மருமகனைப் பெற ஒரு வயிறு வேண்டும்;
கடல்வழி தருவித்தார்கள்.
கணவன் என்று ஒருவர் பிற்பாடு வருவார்.
அவருக்குப் பாய் உண்டு. பட்டம் இல்லை.

ஏன் இரண்டு?
ஓலை ஒளிக்கவில்லை:
ஒன்றுக்கு ஊனம் நேர்ந்தால் மற்றது உதவும்படிக்கு.

இரண்டாம் நகலில் ஒரு வரிதான் தெளிவு.
இடவப்பாதி மழைக்குள் சோதி தீர்ந்துபோனாள்.
அதே வரியில், மூச்சு விடாமல்,
நெய் இத்தனை நாழி, சந்தனமுட்டி இத்தனை.
உதவிக்கு வந்தது
உரிமைக்கு நின்றது.

மூன்றாவது, முப்பது வருஷம் கழித்து.
ஆயில்யம் நாள் மூத்த தம்புராட்டி
பிறந்த வீட்டுக்கு எழுதுவித்தது:
பெண் இரண்டு அனுப்பித்தர வேண்டியது.

இனி ஓலையில் இல்லாததைச் சொல்கிறேன்.
ஆதாரத்தில் இப்படிச் செய்தால்
என் லைசென்ஸ் போய்விடும்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் ஆண்.
ஒவ்வொரு தடவையும் கொட்டு முழக்கினார்கள்.
மூன்றாவது கொட்டில்
வேளிமலையைப் பார்த்தபடி படுத்திருந்தவளுக்குத் தெரிந்துவிட்டது,
வாசல் அடைபட்டது என்று.
மகன் ஆளலாம். மகனோடு முடிந்துபோகும்.

சோதியின் பல்லக்கை அவள் விற்க விடவில்லை.
மாடிப்படிக்கு அடியில் கிடந்தது.
சில மத்தியானம் அதற்குள் ஏறி உட்காருவாள்,
யாரும் தூக்காத பல்லக்கில்,
திரையை இழுத்துவிட்டு.
பணிப்பெண்கள் கேட்டிருக்கிறார்கள்:
உள்ளே வடக்கத்திப் பேச்சு,
கேள்வியும் அவளே, பதிலும் அவளே.
பதில் சொல்லும் குரல்
பத்து வயதைத் தாண்டவே இல்லை.

எழுத்தாணியோடு கணக்கப்பிள்ளை காத்திருந்தார்.
"எத்தனை என்று எழுதட்டும்?"
ஒன்று என்றுதான் வாய் திறந்தாள்.
ஒருத்தியை மட்டும் வாரிக்கொண்டு வந்தால்
பாவம் பாதியாகுமே என்ற கணக்கு.
பிறகு மாடிப்படிக்கு அடியில் பார்த்தாள்.
"இரண்டு."

கணக்கப்பிள்ளை வழக்கம்போல் கீறினார்:
ஒன்றுக்கு ஊனம் நேர்ந்தால்...
அவள் தடுக்கவில்லை.
விளக்கணைத்த பிறகு
"தூங்கிட்டியா?" என்று கேட்க
ஒருத்திக்கு ஒருத்தி வேண்டும் என்பதை
எந்த ஓலையில், எந்தக் கலத்தில் எழுதுவது?

கோதநல்லூர்க்காரர் டீ குடித்து முடித்திருந்தார்.
நான்கெல்லை எதுவும் இதில் இல்லை என்றேன்.
"அப்போ இது செல்லாதா அக்கா?"

செல்லுபடியாகிவிட்டது என்றேன்.
அப்போதே.